சிகரெட் டின்னில் இரண்டு சொற்கள்

1. பெயர் வைத்த நாள்

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நான் பத்திரிகையோடு சேர்ந்தேன். ராஜா போய்விட்டார், இனி ஊர் என்ன ஆகுமோ என்று புதுக்கோட்டை முழுக்கப் பேச்சாக இருந்தது. எனக்கு அந்தக் கவலை இல்லை. கீழராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் நடந்துகொண்டிருந்த வாரப் பத்திரிகையில் புரூப் ரீடர் வேலை கிடைத்திருந்தது. குன்றாண்டார்கோவில் பக்கம் மழையை நம்பி உழுத வீட்டுப் பிள்ளைக்கு நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைத்தது பெரிய காரியம்.

முதல் நாளே ஆசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கதை கிதை எழுதுவீராய்யா?"

"எழுதுவேன் சார்."

"எழுதும். ஆனா ஒம்ம பேரு வேணாம். பொம்பளை பேரு ஒண்ணு சொல்லும். வீட்டுல பொம்பளைக எடுத்துப் படிச்சாத்தான் பத்திரிகை நிக்கும்."

யோசிக்க நேரம் தரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். தெய்வானை. எனக்குக் கல்யாணமான புதுசு. வேறு பெண் பெயர் எதுவும் வாயில் வராத காலம் அது.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏங்க, கேக்காமக் கொள்ளாம எம் பேரைக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே! நீங்க எதையாவது கிறுக்கி வச்சா ஊரு என்னையில்ல பேசும்?"

"நல்லாப் பேசுனா?"

"அப்பவும் என்னையத்தானே பேசும்? சரி போங்க, போட்டது போட்டாச்சு."

அன்று முதல் எழுதுவது நான், பெயர் அவளுடையது. இதில் வேடிக்கை என்னவென்றால், நான் எழுதியதில் ஒரு வரிகூட அவள் படித்ததில்லை. கதை படித்தால் தலைவலிக்கும் என்பாள்.

2. குளத்தங்கரையில் வந்தவன்

எழுத வருகிற இளையவர்கள் என்னிடம் தவறாமல் கேட்பது, "முடிவை முதல்லயே யோசிச்சு வச்சிருவீங்களா?" என்பது. ஒருநாளும் யோசித்ததில்லை. தொடர்கதையை வாரத்துக்கு வாரம்தான் எழுதுவேன். விடிந்ததும் புதுக்குளக் கரையில் போய் உட்காருவேன். பனிக்காலத்தில் தண்ணீரே தெரியாது. எதிர்க்கரையில் யாரோ துணி துவைப்பது கேட்கும், ஆள் தெரியாது. அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தால் தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஒரு கிறக்கம் வரும். என் பாத்திரங்கள் அதற்குள்ளிருந்துதான் எழுந்து வருவார்கள். நான் அவர்கள் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்விட்டு, திரும்பி வந்து, பார்த்ததை எழுதுவேன். "குளத்தங்கரையில தூங்குறதுக்கா ஒமக்குச் சம்பளம்?" என்று ஆசிரியர் கேட்பார்.

அப்படி ஒரு பனியில் வந்தவன்தான் சோமு. வியாபாரக் குடும்பத்துப் பையன். மனைவி உமையாளை ஊரில் விட்டுவிட்டு ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல்தாண்டி வியாபாரம் செய்யப் போனவன். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஜனங்கள் அஸ்ஸாம் காடு வழியாக நடந்தே புறப்பட்டார்களே, அந்தக் கூட்டத்தில் அவனும் புறப்பட்டான். அவன் வருவானா என்பதுதான் கதை.

அவன் ஊரைவிட்டுப் போனது மீமிசல் கரையிலிருந்து தோணியேறி என்று எழுதியிருந்தேன். பர்மாவிலிருந்து திரும்பிய ஒரு குமாஸ்தா ஆபீசுக்கே வந்து சண்டை பிடித்தார். "ரங்கூனுக்கு எவன்யா மீமிசல்லேருந்து தோணியில போனான்?"

"எங் கதையில போனான்" என்றேன்.

காரணம் இல்லாமல் இல்லை. கோட்டைப்பட்டினத்துக்கு ஒரு தடவை போய்விட்டு அப்படியே மீமிசல் வரைக்கும் போயிருந்தேன். கடல் என்றால் அலை வந்து அடிக்கும் என்று நினைத்துப் போனவன் நான். அங்கே கடல் ஓசையில்லாமல், எங்கள் ஊர்க் கண்மாய் மாதிரிக் கிடந்தது. எங்கே தண்ணீர் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. தொலைவில் ஒரு தோணியின் பாய் தெரிந்தது; அது வருகிறதா போகிறதா என்று எவ்வளவு நேரம் பார்த்தும் சொல்ல முடியவில்லை. அந்தப் பாயை விட்டுவிட்டு எனக்குக் கதை எழுதத் தெரியாது.

உமையாளுக்காக ஊரே அழுதது. அடி வாங்கியது என் மனைவி. சந்தைக்குப் போய்வந்தால் பையை வைத்த கையோடு என்மேல் பாய்வாள்.

"கத்தரிக்காக்காரி என்னைப் புடிச்சுக்கிட்டா. 'ஏம்மா தெய்வானை, அந்தப் புள்ளையை இப்பிடி அழவைக்கிறியே, நீ நல்லாருப்பியா'ங்கிறா. யாருங்க அந்தப் புள்ளை? எதுக்கு அவளைப் போட்டு அழவைக்கிறீங்க?"

3. ஆச்சி வந்தார்

ஒருநாள் காலையில் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால், ஓலைக்கொட்டானைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் தாலி, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

"தெய்வானைங்கிறவுக வீடு இதுதானே? கதை எழுதுறாகளே, அவுகளைப் பாக்கணும்."

நான் விழித்துக்கொண்டு நின்றேன். நல்லவேளை, மனைவி வந்துவிட்டாள். "நான்தான் தெய்வானை. உள்ள வாங்க." வந்தவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கவே, "எழுதுறது அவரு, ஏச்சு வாங்குறது நானு" என்றாள். வந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு உட்கார்ந்ததால்தான் வந்த விஷயத்தை அவரால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

அவர் பெயர் மெய்யம்மை ஆச்சி. திருமயத்துக்குப் பக்கத்து ஊர். கணவர் ஜப்பான் சண்டைக்கு முன்னாலேயே பர்மாவுக்குப் போனவர். குண்டு விழுந்த பிறகு தகவல் இல்லை. நடந்து வந்த கூட்டத்தில் பார்த்தேன் என்றார் ஒருவர். புறப்படவே இல்லை என்றார் இன்னொருவர். சண்டை முடிந்து, சுதந்திரமும் வந்துவிட்டது. அவர் வரவில்லை.

"எங்க வீட்டுல பெரிய மாமனாருதான் எல்லாம்" என்றார் ஆச்சி. "வம்சத்துக்கு ஒரு பிள்ளையைத் தத்தெடுத்துக் கூட்டணும்ங்கிறாக. நியாயந்தான். ஆனா அதுக்கு முந்தி அவுகளுக்குக் கருமாதி பண்ணிப்புடணுமாம். அப்ப இது?" தாலியை எடுத்துக் காட்டவில்லை, கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். "உசுரோட இருக்காகளோ இல்லையோ தெரியாது. தெரியாம எப்பிடிக் கழட்டுவேன்?"

மனைவி அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மாமனாருக்குக் கண்ணு தெரியாது. வாரா வாரம் ஒங்க கதையை நாந்தான் வாசிச்சுச் சொல்லுவேன். சோமு வாரானா இல்லையான்னு அவுகளுக்கும் ஒரே தவிப்பு. போன மாசம் கருமாதிக்கு நாள் பாக்கணும்னு பேச்செடுத்தாக. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. 'இந்தக் கதை முடியட்டும் மாமா, அப்புறம் ஒங்க இஷ்டம்'னு சொல்லிப்புட்டேன். அவுகளும் 'சரி, முடியட்டும், எனக்கும் தெரியணும்ல'ன்னுட்டாக." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அதான் வந்தேன். கதையை முடிச்சுப்புடாதீக."

"கதைன்னா ஒருநாள் முடிஞ்சுதானே ஆகணும் ஆச்சி" என்று மெல்ல இழுத்தேன்.

"ஏன் ஆகணும்?" என்றாள் என் மனைவி. "எம் பேர்லதானே வருது? நான் சொல்றேன். ஆச்சி, நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க. கதை முடியாது."

கொட்டானில் சீப்புச் சீடை இருந்தது. அவர் போன பிறகு அதை எடுத்துத் தின்ன எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

4. நடந்துகொண்டே இருந்தவன்

அதன் பிறகு சோமு நடந்தான், நடந்தான், நடந்துகொண்டே இருந்தான். காய்ச்சலில் ஒரு பிக்குவின் குடிசையில் படுத்தான். ஆற்றில் வெள்ளம் வடியக் காத்திருந்தான். வழிதவறிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தான். "என்னய்யா, ஒம்ம ஆளு இன்னும் காட்டைத் தாண்டலையா? நானா இருந்தா இந்நேரம் காசிக்குப் போய்ட்டு வந்திருப்பேன்" என்று ஆசிரியர் முறைப்பார்.

ஆச்சி எப்போதாவது வருவார். மனைவியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். பேச்சோடு பேச்சாக அவர் கணவரைப் பற்றி ஒன்றிரண்டு விழும். முகம் வழிக்கும்போது ஏதாவது பாட்டை முனகிக்கொண்டே வழிப்பாராம். இடது கால் செருப்புத்தான் முதலில் தேயுமாம். சாப்பிட்டு எழும்போது எப்போதும் ஒரு வாய்ச் சோறு இலையில் மீதி வைப்பாராம். ஏன் என்று கேட்டால், "நாளைக்கு வந்து சாப்பிட" என்பாராம். நான் தாழ்வாரத்தில் புரூப் பார்ப்பதுபோல உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

மறுநாள் குளத்தங்கரையில் பனிக்குள்ளிருந்து சோமு வரும்போது முனகிக்கொண்டே வருவான். இடது செருப்புத் தேய்ந்திருக்கும். இது நான் உண்டாக்கின ஆளா, ஆச்சி வீட்டு ஆளா என்று எனக்கே குழம்பிவிடும். ஒருநாள், "ஏன்யா இவ்வளவு மெதுவா வாரே? சீக்கிரம் வாய்யா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் எழுந்து தள்ளிப் போய்விட்டார். பிற்பாடு அந்தக் கதையில் உயிருள்ள இடங்கள் என்று நாலு பேர் சொன்னவை எல்லாம் அந்த அம்மாள் கொடுத்தவை.

5. டின்னிலிருந்து மாறி வந்தது

அச்சகத்து வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்போது ஒவ்வோர் எழுத்தாகக் கோத்துத்தான் அச்சடிப்போம். வாரா வாரம் தேவைப்படுகிற சொற்களை மட்டும் பிரிக்காமல், நூல்போட்டுக் கட்டி வைத்திருப்போம். 'தொடரும்', 'முற்றும்' இரண்டும் இரண்டு பக்கமும் பூ வைத்து, ஒரே நீளத்தில், ஒரு பழைய சிகரெட் டின்னில் கிடக்கும். ஈய எழுத்து தலைகீழாகத்தான் தெரியும். பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். புரூப் என் கைக்கு வரும்போது அந்தச் சொல் அதில் இருக்காது. பக்கத்தை இரும்புச் சட்டத்தில் முடுக்கி மிஷினில் ஏற்றும்போது ஃபோர்மேன் கடைசியாக எடுத்துச் சொருகுவார்.

அந்த வாரம் ஃபோர்மேனுக்கு மஞ்சள்காமாலை. எழுத்துக் கோக்கப் புதிதாக வந்த கம்பாசிட்டர் டின்னில் கைவிட்டு எடுத்தான். கதையோ, சோமு தோணியேறிப் போன மீமிசல் கரையில் உமையாள் நிற்கிற இடத்தில் நிற்கிறது. தொலைவில் ஒரு பாய். அவள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பார்க்கிறாள். அதற்குக் கீழே பூ, முற்றும், பூ.

பத்திரிகைக் கட்டுகள் பஸ்ஸேறிப் போன பிறகுதான் பார்த்தோம். "சார், அடுத்த வாரமே தப்புன்னு போடணும்" என்று ஆசிரியரிடம் ஓடினேன். அவரோ ஒரே சந்தோஷத்தில் இருந்தார்.

"விட்டுடும்யா! நம்ம பத்திரிகையை விடாமப் படிக்கிற வக்கீல் இப்பத்தான் வந்து கையைப் புடிச்சுக் குலுக்கிட்டுப் போறாரு. வந்தானா வரலையான்னு சொல்லாம விட்டதுதான் உசத்தியாம். நீரா இருந்தா கெடுத்திருப்பீர். அடுத்த கதையை ஆரம்பியும்."

இரண்டு நாள் கழித்துத் திருமயம் பஸ் கண்டக்டர் ஆபீஸ் வாசலில் நின்று குரல் கொடுத்தார். எங்கள் கட்டுகளைக் கொண்டுபோகிறவர் அவர்தான். "சார், கதை முடிஞ்சிருச்சாம்ல? மெய்யம்மை ஆச்சி வீட்டுல கருமாதிக்கு நாள் பாக்க இன்னைக்கு ஆளுக கூடுறாக."

வீட்டுக்கு ஓடினேன். நான் சொல்லி முடிப்பதற்குள் மனைவி புடவையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். "குடுத்த வாக்கு எம் பேர்ல குடுத்தது. நடங்க."

6. முகப்பில் ஒரு கேள்வி

அந்த வீட்டு முகப்பில் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரிய மாமனார், கண்களை மூடியபடி. ஆச்சி தூணோரம் நின்றார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று பயந்தேன். இல்லை. அசதிதான் இருந்தது.

என் மனைவி நேரே போய் நின்றாள். "ஐயா, நான்தான் தெய்வானை. கதை முடியலீங்க. அச்சுல தப்பா விழுந்துருச்சு."

"மெய்யம்மை முற்றும்னு வாசிச்சாளே ஆத்தா?" என்றார் பெரியவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண் தெரியாதவர். வாசித்தது ஆச்சி. 'தொடரும்' என்று வாயில் சொல்லியிருந்தால் தீர்ந்தது! யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? மனைவிக்கும் அதுதான் தோன்றியிருக்கிறது. "ஏன் ஆச்சி அப்பிடியே வாசிச்சீங்க?" என்று கேட்டேவிட்டாள்.

"போட்டிருந்ததை வாசிச்சேன்" என்றார் ஆச்சி. "இத்தனை வருஷமா எங்கிட்ட ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டாக. நானும் ஒண்ணை இட்டுக்கட்டிச் சொல்லணுமா?"

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அச்சுத் தப்புன்னா நல்லதாப் போச்சு. எனக்கும் மனசே ஆறலை. அது சரி ஆத்தா, பாய்மரத்துல வந்தது யாரு? சோமுதானே?"

முகப்பு முழுக்க என் மனைவியைப் பார்த்தது. ஒரு வரி படிக்காதவள்! அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்தால்தானே? இன்னும் அந்தப் பனிக்குள் நான் போகவே இல்லை. அவன்தான் என்று சொன்னால் இந்த அம்மாள் நாளைக்கே வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இல்லை என்று சொன்னால் இன்றைக்கே நாள் குறித்துவிடுவார்கள். எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் வாயைத் திறக்க முடியாமல் நின்றேன்.

"அது அவுக இல்லை மாமா" என்றார் ஆச்சி.

பெரியவர் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"அது மீனுக்குப் போன தோணி. கரைக்கு வருது. உமையாளும் பாக்குறா. அவுக இல்லைன்னு தெரிஞ்சதும் வீட்டுக்குத் திரும்பி வாரா. வந்து, ஒரு பிள்ளையைக் கூட்டிக்கிறா. சோறு போட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி வளக்குறா. ஆனா கருமாதி பண்ண விடமாட்டா. அவுக வந்தா வந்து பிள்ளையைப் பாக்கட்டும். வரலைன்னா, வரலை. அவ்வளவுதான் மாமா. நானும் அப்பிடித்தான்."

குரல் உடையவில்லை. கை மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு பங்காளி, "அதெப்பிடி, சாஸ்திரத்துல எடமில்லையே" என்று ஆரம்பித்தார்.

"சும்மா இருப்பா" என்றார் பெரியவர். "போட்டிருந்ததைப் போட்டிருந்தபடி வாசிச்ச பிள்ளை. தனக்கு வேணும்னு ஒரு வார்த்தையை மாத்தலை. அது சொன்னா நான் கேப்பேன். சாஸ்திரத்துல எடம் இருக்கான்னு ஐயரைக் கேளு. இல்லைன்னா, நான் உண்டுபண்ணச் சொன்னேன்னு சொல்லு." சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பர்மாவுக்குப் போய் வராதது அவர் கையில் வளர்ந்த பிள்ளை அல்லவா.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு திருமயம் வரைக்கும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த உமையாள் புள்ளை இப்பிடித்தான் இருப்பாளாங்க? முதல்லேருந்து படிக்கணும், எடுத்துக் குடுங்க" என்றாள்.

7. கடைசிப் புரூப்

ஆச்சி சொன்னபடியே எழுதினேன். ஒரு சொல் கூட்டவில்லை. ஆசிரியர் புலம்பினார், வக்கீலுக்கு வருத்தம். பக்கத்தை முடுக்குகிற அன்று நானே அச்சகத்தில் நின்றேன். உடம்பு தேறி வந்திருந்த ஃபோர்மேன் டின்னைத் திறந்து, "எது சார்?" என்றார். எனக்கு இரண்டுமே பொய்யாகத் தெரிந்தன. மூடி வைக்கச் சொன்னேன். அந்தக் கதை மட்டும் கீழே ஒன்றும் இல்லாமல் போயிற்று. அச்சுக் கோளாறா என்று கேட்டு வாசகர்கள் மாதக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இல்லை என்று மட்டும் பதில் போட்டேன்.

அறுபதுகளில், பத்திரிகை நின்றுபோய் நான் அச்சகத்தில் மட்டும் புரூப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆச்சி வந்தார். கூட வாட்டசாட்டமாக ஓர் இளைஞன். அவர் கூட்டிக்கொண்ட பிள்ளை. அவனுக்குக் கல்யாணம்.

"கல்யாணப் பத்திரிகை இங்கதான் அடிக்கணும்னு சொல்லிட்டேன்" என்றார். "நீங்களே புரூப் பாருங்க. ஒரு வார்த்தை தப்பா விழுந்திரப்படாது."

மறுநாள் புரூப் வந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தேன். எங்கள் குமாரன் திருநிறைச்செல்வன் என்று மணமகன் பெயர். கீழே, தங்கள் வரவை விரும்பும் என்று அவன் அப்பச்சியின், அதாவது தகப்பனாரின், பெயர். பர்மாவிலிருந்து வராதவரின் பெயர். அதற்கு முன்னால் வழக்கமாகப் போடுகிற 'காலஞ்சென்ற' இல்லை. கம்பாசிட்டர் விட்டுவிட்டானோ என்று கைப்பிரதியை எடுத்து ஒப்பிட்டேன். அதிலும் இல்லை.

எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இதுதான். கதையை நாம் ஆரம்பித்துக் கொடுக்கலாம். கீழே எந்தச் சொல்லைப் போடுவது என்பதை நம்மைவிடப் பொறுப்பாக யோசிக்கிற ஒருவர் எங்கோ உட்கார்ந்து அதை வாசித்துக்கொண்டிருப்பார்.

பிழை இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அச்சுக்கு அனுப்பினேன்.